உங்கள் ஏ.சி.யின் வயது என்ன? எக்ஸெலில் கணக்கு போட்டு முடிவு செய்யலாம்

கம்ப்யூட்டர் இதழில் ஏ.சி.க்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் தொகுப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இத்தனை கட்டங்களை வைத்துக் கொண்டு என்ன செய்வது?" என்று மூடிவிடுகிறார்கள். நம் வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு கணக்கை அதில் போட்டுப் பார்த்தால் எக்ஸெல் ஒரே நாளில் பழகிவிடும். அப்படி ஒரு கணக்குதான் இது: வீட்டில் இருக்கும் பழைய ஏ.சி.யை வைத்துக் கொள்வதா, மாற்றுவதா?

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். பொறியியல் படித்துவிட்டு இப்போது சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை. சென்ற ஏப்ரலில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இரண்டு ஏ.சி.களைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, சிவகாசியில் சித்தப்பா வாங்க நினைத்தது. மற்றொன்று, எங்கள் வீட்டிலேயே இருப்பது. முதலாவது எனக்கு வயது பார்க்கக் கற்றுக் கொடுத்தது. இரண்டாவது, வயதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று கற்றுக் கொடுத்தது. இரண்டையும் வரிசையாகப் பார்க்கலாம்.

ஏ.சி. என்ன செய்கிறது?

ஏ.சி. குளிர்ச்சியை உருவாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டு போய்க் கொட்டுகிறது. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் இறைப்பது போல, இது வெப்பத்தை இறைக்கிறது. அதனால்தான் இந்த வகை இயந்திரத்தின் பொதுப் பெயர் ஹீட் பம்ப். குளிர் நாடுகளில் இதே இயந்திரத்தில் ரிவர்சிங் வால்வு ஒன்றைச் சேர்த்து, வெளியே இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துக் கொள்கிறார்கள். வட இந்தியாவில் விற்கும் ஹாட் அண்ட் கோல்டு ஏ.சி.யும் அதுதான். விருதுநகரில் நமக்கு ஒரு திசை போதும்!

எவ்வளவு வெப்பத்தை இறைக்கிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதுதான் இதன் மார்க். 1 டன் ஏ.சி. என்றால் சுமார் 3,517 வாட் வெப்பத்தை வெளியேற்றக் கூடியது. 1.5 டன் என்றால் சுமார் 5,275 வாட். இதற்கு 1,950 வாட் மின்சாரம் எடுத்தால், 5,275-ஐ 1,950-ஆல் வகுக்க 2.7 வரும். இந்த எண்ணுக்கு இ.இ.ஆர். என்று பெயர். எண் கூடினால் செலவு குறையும்.

சிவகாசியில் பார்த்த பைவ் ஸ்டார்

சித்தப்பாவுக்கு சிவகாசியில் சிறிய பைண்டிங் பட்டறை இருக்கிறது. தங்கைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி மாடி அறையில் வைத்தார்கள். காங்கிரீட் கூரை, பங்குனி முடிவதற்குள் அந்த அறையில் உட்கார முடியவில்லை. தங்கைக்கோ மே மாதம் பரீட்சை. எனவே பழைய பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் 18,000 ரூபாய்க்கு ஒரு ஸ்பிளிட் ஏ.சி. பேசி, 2,000 ரூபாய் அட்வான்சும் கொடுத்துவிட்டார். "நீயும் ஒரு தடவை வந்து பாத்திருப்பா" என்று என்னை அழைத்துப் போனார்.

"நாலு வருஷம்தான் தம்பி ஓடியிருக்கு. பைவ் ஸ்டார். கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர்.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி, பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீங்களும் இதே வரிசையில் பாருங்கள்.

1. நேம் பிளேட்: இன்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் அல்லது அடியில் ஒன்றும், அவுட்டோர் யூனிட்டில் ஒன்றும் ஒட்டப்பட்டிருக்கும். மாடல் எண், சீரியல் எண், கேஸ் வகை, மின்சார அளவு எல்லாம் இதில் இருக்கும். பல நிறுவனங்கள் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் இதிலேயே அச்சிடுகின்றன. சில நிறுவனங்கள் சீரியல் எண்ணுக்குள் அதை மறைத்து வைக்கின்றன. இதற்குப் பொதுவான விதி கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே ஊகிக்காமல், சீரியல் எண்ணைச் செல்போனில் படம் எடுத்துக் கொண்டு அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேளுங்கள். இரண்டு யூனிட்டின் மாடல் எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்றும் கேளுங்கள். பழைய பொருட்களில் ஒரு மெஷினின் இன்டோரும் வேறு மெஷினின் அவுட்டோரும் ஜோடி சேர்ந்து வருவது உண்டு.

2. ஸ்டார் லேபிள்: இதில் எத்தனை ஸ்டார் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். எந்தக் காலத்துக்கான லேபிள் என்று அதிலேயே அச்சிட்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் பார்த்த மெஷினில் சாயம் போன லேபிளில் 2010-2011 என்று இருந்தது.

3. கேஸ்: நேம் பிளேட்டில் ஆர்-22 என்று இருந்தால் பழைய தலைமுறை. ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 ஆகியவை அதற்குப் பிறகு நம் நாட்டு வீட்டு ஏ.சி.களில் வந்தவை. ஆர்-290 மெஷின்கள் 2012 வாக்கிலும் ஆர்-32 மெஷின்கள் 2013 வாக்கிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. நாங்கள் பார்த்ததில் ஆர்-22.

4. பிளாஸ்டிக் கடிகாரம்: இது பலருக்குத் தெரியாது. மெயின் சுவிட்சை ஆப் செய்துவிட்டு இன்டோர் யூனிட்டின் முன் மூடியைத் தூக்குங்கள். மூடியின் உள்பக்கத்திலோ பில்டர் சட்டத்திலோ கடிகாரம் போல ஒரு சிறிய வட்டம் அச்சாகியிருக்கலாம். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், ஒரு அம்புக்குறி. அந்தப் பிளாஸ்டிக்கை வார்த்த மாதம் அது. எங்கள் மெஷினில் நடுவில் 11, அம்பு 3-ஐக் காட்டியது. அதாவது 2011 மார்ச்.

5. சர்க்யூட் போர்டு: உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருப்பது போலவே ஏ.சி.யின் போர்டிலும் ஐ.சி.கள் இருக்கும். பல ஐ.சி.களின் மீது நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1108 என்றால் 2011-ம் ஆண்டின் 8-வது வாரம். இதை நீங்கள் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக் சர்வீஸ் செய்யும்போது பார்க்கச் சொல்லுங்கள். போர்டு பின்னால் மாற்றப்பட்டிருந்தால் இந்தத் தேதி மெஷினைவிடப் புதிதாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. மேலும் இரு துப்புகள்: லேபிளில் இ.இ.ஆர். என்பதற்குப் பதில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று இருந்தால், அது 2015-க்கு முன் தயாரானதாக இருக்க முடியாது. அந்த அளவுகோலே 2015-ல்தான் வந்தது. அதே போல ஸ்டார் லேபிள் பெறும் ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் வந்தது.

லேபிள், கேஸ், பிளாஸ்டிக் மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் சந்தேகமே வேண்டாம். கடையில் பார்த்த மெஷின் 2011-ல் பிறந்தது. நான்கு ஆண்டு அல்ல.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. காலி செய்த ஒரு அலுவலகத்திலிருந்து மொத்தமாக வாங்கியிருக்கிறார். அவர்கள் சொன்னதை இவர் சொன்னார். பிளாஸ்டிக் வட்டத்தைக் காட்டியதும், "இத நானே பாத்ததில்ல தம்பி" என்று செல்போன் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடையில் இருந்த மற்ற மெஷின்களின் மூடியைத் தூக்கிப் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்!

ஸ்டார் என்பது காலண்டர் மாதிரி

"வயசானா என்ன, பைவ் ஸ்டார் பைவ் ஸ்டார்தானே?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சிவகாசிக்காரருக்குச் சிவகாசி உதாரணமே சொன்னேன். நல்ல ஆர்ட் பேப்பரில் அச்சடித்த காலண்டர் என்றாலும் 2011-ம் ஆண்டு காலண்டரை இன்று யாராவது சுவரில் மாட்டுவார்களா?

மத்திய அரசின் பீ.இ.இ. என்ற அமைப்பு (பீரோ ஆப் எனர்ஜி எபிஷியன்சி, 2002-ல் தொடங்கப்பட்டது) 2006-ல் ஸ்டார் லேபிள் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஏ.சி.களுக்கு 2010 ஜனவரி முதல் லேபிள் கட்டாயமானது. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்வின் பாஸ் மார்க்கை உயர்த்திக் கொண்டே வருகிறார்கள். ஸ்பிளிட் ஏ.சி. 5 ஸ்டார் வாங்கக் குறைந்தபட்சம் எவ்வளவு தேவைப்பட்டது என்று பாருங்கள்.

2010-2011: இ.இ.ஆர். 3.10
2012-2013: இ.இ.ஆர். 3.30
2014 முதல்: இ.இ.ஆர். 3.50
2018 ஜனவரி முதல்: ஐ.எஸ்.இ.இ.ஆர். 4.50
2022 ஜூலை முதல்: ஐ.எஸ்.இ.இ.ஆர். 5.00

கடைசி இரண்டும் வேறு அளவுகோல். இ.இ.ஆர். ஒரே ஒரு வெப்ப நிலையில் சோதித்துப் போடும் மார்க். ஐ.எஸ்.இ.இ.ஆர். என்பது 24 முதல் 43 டிகிரி வரை நம் நாட்டு வெப்ப நிலைகளில், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போடும் மார்க். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. முதல் மூன்றை ஒப்பிடலாம். 2011-ல் 5 ஸ்டார் வாங்கிய 3.10 மெஷினுக்கு 2012-ல் 4 ஸ்டார்; 2014-ல் 3 ஸ்டார். மெஷின் மாறவில்லை, பாஸ் மார்க் மாறிவிட்டது. அதன் மேல் பல ஆண்டுத் தூசியும் தேய்மானமும் வேறு.

எனவே யாராவது "பைவ் ஸ்டார்" என்றால், "எந்த வருஷத்து பைவ் ஸ்டார்?" என்று கேளுங்கள். புதிதாக வாங்கும்போதும் இதே கேள்வி பொருந்தும். கடையில் தள்ளுபடியில் கிடைப்பது பழைய லேபிள் காலத்து ஸ்டாக்காக இருக்கலாம்.

கேஸ் பற்றி ஒரு எச்சரிக்கை

ஆர்-22 கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987-ல் உருவான மான்ட்ரீல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. அதன்படி இந்த வகை கேஸை வைத்துப் புதிய மெஷின் தயாரிப்பது 2025 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் நின்றுவிட்டது. பழைய மெஷின்களின் சர்வீசுக்கு இன்னும் கிடைக்கும். ஆனால் 2030 வரை படிப்படியாகக் குறைத்துக் கொண்டே போவார்கள். ஆகவே ஆர்-22 மெஷினில் லீக் வந்தால், அது வருடா வருடம் செலவு வைக்கும் லீக்.

கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்து போகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக் கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

மற்றொன்று. ஆர்-290 என்பது புரொபேன். சமையல் கேஸில் இருக்கும் அதே பொருள். எளிதில் தீப்பிடிக்கும். ஆர்-32 ஓரளவு தீப்பிடிக்கும். இவற்றுக்கென்றே வடிவமைத்த மெஷினில், முறையாகப் பயிற்சி பெற்றவர் கையாண்டால் பயம் இல்லை. ஆனால், "ஆர்-22 கிடைக்கல, அதுக்குப் பதிலா வேற கேஸ் அடிச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எந்த மருந்தை எதோடு சேர்க்கக் கூடாது என்று பட்டாசு ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நேம் பிளேட்டில் எழுதியுள்ள கேஸ் மட்டுமே அந்த மெஷினுக்கு.

இனி எக்ஸெல்: வயது முடிவல்ல

சித்தப்பா கதை முடிந்தது. அடுத்து எங்கள் வீடு. படுக்கை அறையில் இருப்பது 2013-ல் வாங்கிய 1.5 டன் மெஷின். ஏ.சி.யோ, ஹீட் பம்போ, பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும் என்பார்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று காயிலை அரித்துவிடும். விருதுநகர் போன்ற வறண்ட ஊரில் துரு குறைவு, தூசி அதிகம். எங்கள் மெஷின் இன்னும் குளிர்கிறது. வயதாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அப்பா சம்மதிக்கவில்லை. "ஓடுற மிஷின எதுக்குப்பா மாத்தணும்?" என்றார். கணக்கு போட்டுப் பார்ப்போம் என்று அவர் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரையே ஆன் செய்தோம்.

முதலில் மெக்கானிக்கை வரவழைத்து பில்டரையும் இரண்டு யூனிட்டின் காயில்களையும் நன்கு சுத்தம் செய்யச் சொன்னோம். அழுக்கோடு அளந்தால் அழுக்கின் செலவும் மெஷின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பிறகு அளவெடுத்தோம். இதற்குத் தனிக் கருவி வேண்டாம், ஈ.பி. மீட்டர் போதும். மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும், கே.டபிள்யூ.ஹெச். என்று காட்டும் எண்தான் யூனிட். மூன்று இரவுகள் ஏ.சி. போடாமல், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் ரீடிங் எழுதினோம். பிரிட்ஜ், பேன் எல்லாம் சேர்த்துச் சராசரி 2 யூனிட். அடுத்த மூன்று இரவுகள் ஏ.சி.யை முழு இரவும் ஓடவிட்டு எழுதினோம். சராசரி 14 யூனிட்.

இனி எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம், வழிமுறை ஒன்றுதான். ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் கீழ்க்கண்டவாறு டைப் செய்திடவும்.

ஏ1: ஏ.சி. ஓடிய இரவின் யூனிட். பி1: 14
ஏ2: ஏ.சி. ஓடாத இரவின் யூனிட். பி2: 2
ஏ3: ஓடிய மணி நேரம். பி3: 8
ஏ4: பழையது, மணிக்கு எத்தனை யூனிட்
ஏ5: புதியது, மணிக்கு எத்தனை யூனிட். பி5: 0.7
ஏ6: ஆண்டுக்கு எத்தனை மணி நேரம். பி6: 100
ஏ7: ஒரு யூனிட் விலை. பி7: 8
ஏ8: ஆண்டுக்குச் சேமிப்பு
ஏ9: புதியது வாங்க ஆகும் செலவு. பி9: 36000
ஏ10: எத்தனை ஆண்டில் செலவு திரும்பும்

பி4, பி8, பி10 ஆகிய மூன்று செல்கள் காலியாக இருக்கும். இவற்றில் எண் டைப் செய்யக் கூடாது; பார்முலா அமைக்க வேண்டும். பார்முலா என்றதும் பயம் வேண்டாம்.

பி4 செல்லில் கிளிக் செய்து சமக் குறி தட்டுங்கள். அடைப்புக்குறி திறந்து, பி1 செல்லை மவுசால் கிளிக் செய்து, கழித்தல் குறி தட்டி, பி2 செல்லைக் கிளிக் செய்து, அடைப்புக்குறியை மூடுங்கள். பிறகு வகுத்தலுக்கான சாய்வுக் கோட்டைத் தட்டி, பி3 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 1.5 என்று விடை வரும்.

பி8 செல்லில் இதே போல சமக் குறி தட்டி, அடைப்புக்குறிக்குள் பி4 கழித்தல் பி5 அமைத்து, வெளியே நட்சத்திரக் குறி (இதுதான் பெருக்கல்), பி6, மீண்டும் நட்சத்திரக் குறி, பி7 என்று அமைத்து என்டர் தட்டுங்கள். பி10 செல்லில் சமக் குறி, பி9, சாய்வுக் கோடு, பி8 அமைத்து என்டர் தட்டுங்கள். பைலை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்திடவும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடுகிறேன். புதிய மெஷினின் ஸ்டார் லேபிளில் 1,600 மணி நேரத்துக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். அதை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று தெரியும். நாங்கள் பார்த்ததில் கிட்டத்தட்ட 0.5 வந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு அது போதாது என்று 0.7 என வைத்துக் கொண்டேன். 40,000 ரூபாய் மெஷின், பழையதற்கு 4,000 கழிவு போக 36,000. மின் கட்டணம் ஸ்லாபு முறையில் ஏறுவதால், ஏ.சி. தின்னும் யூனிட்டுகள் உங்கள் பில்லின் மேல் ஸ்லாபில்தான் விழும். எனவே சராசரி விலையைப் போடாமல், உங்கள் பில்லில் கடைசி ஸ்லாபுக்கு உள்ள விலையைப் போடுங்கள். நான் கணக்குக்காக 8 ரூபாய் என்று வைத்தேன்.

100 மணி நேரம் எப்படி வந்தது? அம்மாவைக் கேட்டேன். வெயில் காலத்தில் ஒரு ஐம்பது நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் போடுவோம் என்றார். எக்ஸெல் சொன்ன விடை: ஆண்டுச் சேமிப்பு 640 ரூபாய், செலவு திரும்ப 56 ஆண்டு! அப்பா சிரித்துவிட்டார். நான் தோற்றுவிட்டேன். மாற்றத் தேவையில்லை.

நூறு மணி நேரம் ஏன்?

அன்று இரவு அறைக்குள் அனல். பத்து மணிக்கு ஏ.சி. போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அம்மா எழுந்து ஆப் செய்தார். இரண்டு மணிக்கு அப்பா வியர்வையோடு எழுந்து பாயைச் சுருட்டிக் கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர் அவர்.

காலையில், "ஏம்மா ஆப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"விடிய விடிய ஓடுனா பில்லு ஏறிரும்ல?" என்றார். பத்து வருடங்களுக்கு மேலாக இப்படித்தான் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

என் கணக்கில் பார்முலா சரி. போட்ட எண் தவறு. 100 மணி நேரம் என்பது அவர்களுக்குத் தேவையான நேரம் அல்ல. பில்லுக்குப் பயந்து குறைத்துக் கொண்ட நேரம். உண்மையில் தேவை, வெயில் காலத்தில் 150 இரவு, இரவுக்கு 8 மணி நேரம். பி6 செல்லில் 100-ஐ அழித்துவிட்டு 1200 என்று டைப் செய்தேன். மற்ற எண்கள் தாமாக மாறின. ஆண்டுச் சேமிப்பு 7,680 ரூபாய். செலவு திரும்ப 4.7 ஆண்டு. ஒரே மெஷின், ஒரே வயது. மணி நேரம் மாறியதும் முடிவு தலைகீழாகிவிட்டது.

ஆனால் இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு பில் குறையப் போவதில்லை. இதுவரை ஆண்டுக்கு 100 மணி நேரம், 150 யூனிட். புது மெஷினை 1,200 மணி நேரம் ஓட்டினால் 840 யூனிட். பில் ஏறத்தான் செய்யும். பழைய மெஷினில் அதே தூக்கம் வேண்டுமென்றால் 1,800 யூனிட் ஆகும் என்பதுதான் வித்தியாசம். எனவே ஏ11-ல் 'ஓர் இரவின் செலவு, பழையது' என்று எழுதி, பி11-ல் பி4, பி3, பி7 மூன்றையும் பெருக்கினேன்: 96 ரூபாய். ஏ12-ல் 'புதியது' என்று எழுதி, பி12-ல் பி5, பி3, பி7 பெருக்கினேன்: 44.80 ரூபாய்.

அம்மா ஆண்டுக் கணக்கு எதையும் பார்க்கவில்லை. இந்தக் கடைசி இரண்டு வரிகளைத்தான் பார்த்தார். "ராத்திரிக்கு நாப்பத்தஞ்சு ரூபாயா? அப்ப அப்பா மாடிக்குப் போக வேண்டாம்" என்றார். அப்பாவும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எப்போது மாற்றலாம்?

கீழே தந்திருப்பவை நான் வைத்துக் கொண்ட அளவுகோல்கள்.

* ரிமோட், சென்சார், கெபாசிட்டர், அழுக்கு: இவற்றுக்காக மெஷினை மாற்ற வேண்டாம்.
* 10 ஆண்டு தாண்டிய மெஷினில் ரிப்பேர் செலவு புதிய மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடலாம்.
* ஆர்-22 மெஷினில் கம்ப்ரசர் போனாலோ, காயில் திரும்பத் திரும்ப லீக் ஆனாலோ மாற்றிவிடலாம்.
* நன்றாக ஓடும் மெஷின் என்றால் எக்ஸெல் கணக்கு போடுங்கள். ஐந்து, ஆறு ஆண்டுக்குள் செலவு திரும்பினால் மாற்றுவது லாபம். விருந்தினர் அறையில் எப்போதாவது ஓடும் பழைய மெஷினை அப்படியே விட்டுவிடுங்கள்.
* மணி நேரம் போடும்போது, இப்போது ஓட்டும் நேரத்தைப் போடாதீர்கள். வீட்டில் யாரும் புழுங்காமல் இருக்க எவ்வளவு நேரம் ஓட வேண்டுமோ அதைப் போடுங்கள். யார் நடுராத்திரியில் எழுந்து ஆப் செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

சித்தப்பாவும் பிறகு மாடி அறையை அளந்து, சிறிய 1 டன் புதிய மெஷினாகத் தவணையில் வாங்கினார். தங்கை பரீட்சைக்கு அங்கேதான் படித்தாள்.

எங்கள் வீட்டில் புது மெஷின் வந்த பிறகு மூன்று இரவுகள் அளந்தோம். மணிக்கு 0.75 யூனிட் வந்தது. நான் போட்ட 0.7 கொஞ்சம் குறைவு. இரவுக்கு 48 ரூபாய். பி5 செல்லைத் திருத்தியது நான் அல்ல, அப்பா. இப்போது தினமும் காலையில் மீட்டர் ரீடிங்கை அடுத்த ஷீட்டில் அவரே டைப் செய்கிறார். எக்ஸெல் கற்றுத் தா என்று என்னிடம் அவர் கேட்கவே இல்லை.

நீங்களும் இன்று இரவு 10 மணிக்கு மீட்டர் ரீடிங்கைக் குறித்து வையுங்கள். நாளை காலை எக்ஸெலைத் திறக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.